கேம்ப் ஃபார்ம்ல நாம எழுதுறது கரண்டி பிடிக்கிறவர் கைக்குப் போகுதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஸ்கூல் கேம்ப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. கயிறு ஏறுற பிள்ளைங்க, துடுப்பு போடுற பிள்ளைங்க, ராத்திரி நெருப்பு மூட்டி சுத்தி உக்காந்திருக்கிற பிள்ளைங்கன்னு படமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஹெல்மெட் பத்தி இருந்துச்சு, லைஃப் ஜாக்கெட் பத்தி இருந்துச்சு, எத்தனை பிள்ளைக்கு ஒரு டீச்சர்ங்கிறதுகூட இருந்துச்சு. சாப்பாடு பத்தி மட்டும் ஒரே ஒரு வரி, "சத்தான உணவு வழங்கப்படும்". அதைப் படிச்சதும்தான் இந்த லெட்டர் எழுதியே ஆகணும்னு தோணுச்சு. நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க சார், நடுவுல வர்ற கரண்டி சமாச்சாரத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

என் பொண்ணுக்கு பால் அலர்ஜி. இதை சொன்னதும் பாதிப் பேர் "ஆமா எங்க வீட்லயும் பால் குடிச்சா வயிறு உப்பிக்கும்"னுவாங்க, அது வேற இது வேற. அது பால்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற சர்க்கரை செரிக்காம போறது, வயிறு வலிக்கும், வெளிய போகும், கஷ்டம்தான் ஆனா உயிருக்கு ஆபத்து இல்ல. என் பொண்ணுக்கு பால்ல இருக்கிற புரோட்டீனே ஆகாது, உடம்பு அதை எதிரியா பாக்குது, ஒரு ஸ்பூன் போதும் உதடு வீங்கும், தடிப்பு வரும், மோசமா போனா மூச்சுக்குழாய் சுருங்கும். லாக்டோஸ் இல்லாத பால்னு கடையில விக்கிறதைக் குடுத்தாலும் அதே கதைதான், ஏன்னா அதுல சர்க்கரையை மட்டும்தான் உடைச்சிருக்காங்க, புரோட்டீன் அப்படியே இருக்கு. இது தெரியாம நல்லெண்ணத்துல குடுத்தவங்களை நானே பாத்திருக்கேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி அவளுக்கு முதல் கேம்ப், ரெண்டு ராத்திரி மூணு பகல். ஃபார்ம்ல கொட்டை எழுத்துல எழுதினேன், பால், பட்டர், சீஸ், தயிர், பால்பவுடர் எதுவும் கூடாது, லேபிள்ல கேசின், வே (whey) இந்த ரெண்டு பேர்ல எது போட்டிருந்தாலும் அதுவும் பால்தான்னு. டீச்சர்கிட்ட நேர்லயும் சொன்னேன், அவங்களும் பொறுமையா கேட்டு குறிச்சுக்கிட்டாங்க. மூணாம் நாள் சாயங்காலம் பொண்ணு வந்து இறங்குறா, முகம் சுண்டிப் போயிருக்கு. என்னடி சாப்ட்டேன்னு கேட்டேன். சோறுன்னா. தொட்டுக்க என்னன்னு கேட்டேன். சோறும்மான்னா. காலையில ஆப்பிள், மத்தியானம் வெறும் சோறு, ராத்திரி வெறும் சோறு, நடுவுல நான் குடுத்துவிட்ட பிஸ்கட். பகல் பூரா மலை ஏறி, தண்ணில துடுப்பு போட்டுட்டு வந்த பதினோரு வயசுப் பிள்ளைக்கு இதான் மூணு நாள் சாப்பாடு. ஏன்டி வேற எதுவும் கேக்கலன்னா "எதுல பால் இருக்குன்னு அங்க யாருக்கும் தெரியலம்மா, அதான் பயமா இருந்துச்சு"ங்கிறா. பயந்தது நல்லதாப் போச்சுன்னு நினைக்கிறதா, பிள்ளை பட்டினி கிடந்துச்சேன்னு அழுறதா.

அடுத்த வருஷம் நானே வாலண்டியரா போனேன், சமையக்கட்டு வேலை குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். அந்த சமையல்காரரை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். காலையில நாலரைக்கு எந்திரிக்கிறார், ரெண்டே ரெண்டு உதவியாளுங்க, 94 பேருக்கு மூணு வேளையும் ரெண்டு நொறுக்குத் தீனியும் இறக்கணும். அவர்கிட்ட போய் அண்ணே, அலர்ஜி பிள்ளைங்க லிஸ்ட் எங்க இருக்குன்னு கேட்டேன். கையைத் துடைச்சுக்கிட்டே சட்டைப் பையிலேர்ந்து ஒரு துண்டுப் பேப்பர் எடுத்து காட்டினார். அதுல இருந்தது இவ்வளவுதான்: பிள்ளைங்க 86, டீச்சர் 8, சைவம் 12. "யாருக்கு என்ன ஆகாதுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலம்மா, தலைக்கணக்குதான் குடுப்பாங்க, நான் அதுக்கு சாமான் வாங்குவேன்." அவர் சொன்னது உண்மை.

அப்ப 86 வீட்டுலேர்ந்து அம்மா அப்பா எழுதிக் குடுத்த ஃபார்ம் எல்லாம் எங்க? ஒரு நீல ஃபைல்ல அடுக்கா, அழகா, பேர் வரிசைப்படி இருந்துச்சு. அந்த ஃபைல் டீச்சரோட பையில. பை பஸ்ல. பஸ் எங்களை இறக்கிவிட்டுட்டு டீசல் போட டவுனுக்குப் போயிருந்துச்சு. இதுல இன்னொரு வயித்தெரிச்சல் என்னன்னா என் பொண்ணோட அட்ரினலின் ஊசியும் அதே பையில. அலர்ஜி முத்தி மூச்சு திணறினா உடனே போட வேண்டிய ஊசி அது, சில நிமிஷத்துல நிலைமை தலைகீழா மாறலாம், அதான் ரெண்டு ஊசியா கையோட வச்சிருக்க சொல்றாங்க, முதல் ஊசிக்கு கேக்கலன்னா 5லேர்ந்து 15 நிமிஷத்துல அடுத்ததைப் போடணும். அது 20லேர்ந்து 25 டிகிரி சூட்டுல இருக்க வேண்டிய மருந்து, வெயில்ல நிக்கிற பஸ்ஸுக்குள்ள 50 தாண்டும். பஸ் ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்துச்சு. நல்லவேளை ஒண்ணும் நடக்கல, அந்த ஒன்றரை மணி நேரம் நான் எத்தனை தடவை கேட்டைப் பாத்தேன்னு எனக்குத்தான் தெரியும்.

இப்ப கரண்டிக்கு வர்றேன். லிஸ்ட் இல்லன்னதும் நானே ஞாபகத்துல இருந்து, டீச்சர்கிட்ட கேட்டு, சாப்பாட்டுல கவனம் வேண்டிய ஒன்பது பிள்ளைங்க பேரை ஒரு அட்டையில எழுதி சுவத்துல ஒட்டினேன். அண்ணனும் உடனே என் பொண்ணுக்குன்னு பட்டர் போடாத உருளைக்கிழங்கை தனியா ஒரு சின்ன பாத்திரத்துல எடுத்து வச்சுட்டார். சரி பிரச்சனை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மத்தியானம் பரிமாறுறோம், வரிசை வெளிய வரைக்கும் நிக்குது, பிள்ளைங்க தட்டை வச்சு தாளம் போடுதுங்க. க்ரீம் ஊத்தின காய் ஒரு ட்ரேயில, பக்கத்துலயே என் பொண்ணோட சின்ன பாத்திரம். உதவிக்கு நின்ன பையன் க்ரீம் காயை அள்ளிப் போடுறான், அடுத்த பிள்ளை "அண்ணா எனக்கு அது"ன்னு உருளைக்கிழங்கைக் காட்டுது, அதே கரண்டியை அப்படியே இதுக்குள்ள விடுறான். கரண்டி முதுகுல வெள்ளையா ஒட்டியிருந்த க்ரீம் உருளைக்கிழங்கு மேல கோடு போட்ட மாதிரி இறங்குச்சு, நான் ரெண்டடி தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அவன் தப்பே இல்ல, அவனுக்கு அது என்னன்னே தெரியாது. காலையிலேர்ந்து தனியா எண்ணெயில வதக்கி, மூடி வச்சு, பாத்துப் பாத்து பண்ணினது எல்லாம் அரை செகண்ட்ல போச்சு.

அதுக்கப்புறம் நானும் அண்ணனும் பண்ணினது ரொம்ப சிம்பிள். ராத்திரி சாப்பாட்டுலேர்ந்து, பெரிய வரிசை ஆரம்பிக்கிறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே அந்த ஒன்பது பிள்ளைங்களுக்கு முதல்ல பரிமாறிட்டோம், கரண்டிங்க சுத்தமா இருக்கும்போதே, ட்ரேல ஒண்ணோடொண்ணு சிந்துறதுக்கு முன்னாடியே. மீதி இருக்கிற தனிச் சாப்பாட்டை மூடி, பேர் எழுதி, வேற மேசையில வச்சோம், ரெண்டாவது தடவை கேட்டா அங்கேர்ந்துதான். சாப்பாட்டை வாங்கிட்டு பிள்ளைங்க அவங்கவங்க ஃப்ரெண்ட்ஸோட போய் உக்காந்துக்கிச்சுங்க. இதை எதுக்கு சொல்றேன்னா சில இடத்துல பாதுகாப்புன்னு சொல்லி அலர்ஜி பிள்ளைங்களை தனி மேசையில உக்கார வச்சுடுறாங்க, ஏதோ தொத்துவியாதி மாதிரி, அடுத்த கேம்ப்ல அந்தப் பிள்ளை வாயைத் திறந்து எனக்கு அலர்ஜின்னு சொல்லுமா? சொல்லாது.

"நட்ஸ் சேக்கல, கவலைப்படாதீங்க"ன்னு சொல்ற கேம்ப்பையும் பாத்துட்டேன். நட்ஸ் மட்டும்தான் அலர்ஜின்னு யார் சொன்னது? அமெரிக்காவுல லேபிள்ல கட்டாயம் போடணும்னு வச்சிருக்கிறதே 9, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரத்துல காய்க்கிற கொட்டைங்க, வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள்ளு. அதுல எள்ளு 2023லதான் சேந்துச்சு. ஐரோப்பாவுல 14, கடுகுகூட அதுல இருக்கு. அப்புறம் சீலியாக்ங்கிற குடல் நோய் இருக்கிற பிள்ளைங்க, அவங்களுக்கு கோதுமை, பார்லி, ரை எதுவும் ஆகாது. தனி ரொட்டி வாங்கி வச்சுட்டு அதை எல்லாரும் பயன்படுத்துற டோஸ்டர்லயே சுட்டுக் குடுத்தா, உள்ள கிடக்கிற தூள் ஒட்டி, வாங்கின காசு தண்டம்.

கை கழுவுற விஷயம் இன்னொண்ணு. கேம்ப்னாலே வாசல்ல ஒரு சானிடைசர் பாட்டில் வச்சுட்டு வேலை முடிஞ்சுதுன்னு விட்டுடுறாங்க. வேர்க்கடலை புரோட்டீன் கையில ஒட்டியிருந்தா சானிடைசர் அதைப் போக்காது, சோப்பு போட்டு தண்ணியில கழுவினாத்தான் போகும். கூட்டமா தங்குற இடத்துல வாந்திபேதி பரப்புற நோரோவைரஸுக்கும் அப்படித்தான், அந்த ஜெல் சரியா வேலை செய்யாது. சோப்பும் குழாயும் சாப்பாட்டு ஹாலுக்குப் போற வழியில இருந்தா பிள்ளைங்க கழுவும், நூறடி சுத்திப் போகணும்னா எந்தப் பிள்ளையும் போகாது, நானே போக மாட்டேன்.

அந்த ஒன்பது பேர்ல ஒரு பையனுக்கு டைப் 1 சர்க்கரை. எனக்கு அலர்ஜி பழக்கம், இது புதுசு, அவன்தான் எனக்கு சொல்லிக் குடுத்தான், பன்னெண்டு வயசு. சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போடுறான். போட்டதுக்கப்புறம் "இன்னொரு குரூப் இன்னும் வரல, எல்லாரும் வந்ததும் ஒண்ணா சாப்பிடலாம்"னு பிள்ளைங்களை உக்கார வச்சாங்கன்னா இவனுக்கு சர்க்கரை இறங்க ஆரம்பிச்சுடும். மத்தவங்களுக்கு அரை மணி நேரம் லேட்டுங்கிறது வெறும் பசி, இவனுக்கு அப்படி இல்ல. 70க்கு கீழ போனா வேகமா ஏறுற சர்க்கரை 15 கிராம், அதாவது அரை கப் ஜூஸ் மாதிரி, குடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணணும். பகல் பூரா ஓடி ஆடினதோட விளைவு ராத்திரி தூக்கத்துலயும் வரும், அப்பவும் சர்க்கரை இறங்கலாம், அதனால படுக்கிறதுக்கு முன்னாடி பாக்கணும், டென்ட்ல கைக்கு எட்டுற இடத்துல ஏதாவது இனிப்பு இருக்கணும். ஆனா கேம்ப் ரூல் என்ன? டென்ட்டுக்குள்ள சாப்பாட்டுப் பொருள் கூடாது, எறும்பு வரும், எலி வரும்னு எல்லாத்தையும் முதல் நாளே பிடுங்கி வச்சுடுவாங்க. ரூல் சரிதான், ஆனா இந்தப் பையனோட ஜூஸையும் சேத்துப் பிடுங்கினாங்க பாருங்க, அதுவும் அந்த நீல ஃபைல்ல எழுதியிருந்த விஷயம்தான்.

தண்ணி பத்தி யாரும் கவனிக்காத ஒண்ணு. ரெண்டாம் நாள் ராத்திரி பாதிப் பிள்ளைங்க தண்ணி டம்ளரைத் தொடவே இல்ல. ஏன்னு ஒரு வாண்டுகிட்ட கேட்டேன், குடிச்சா ராத்திரி டாய்லெட் போகணும் ஆன்ட்டி, அங்க லைட் இல்ல, பல்லி இருக்குங்குது. பகல்ல வெயில்ல இந்த வயசுப் பிள்ளை ஓடியாடும்போது 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 100லேர்ந்து 250 மில்லி குடிக்கணும், அதை விட்டுட்டு சாயங்காலம் தலை வலிக்குதுன்னு படுக்குதுங்க. சிலது டாய்லெட்டுக்குப் பயந்து சாப்பாட்டையே குறைச்சுக்குது, மூணு நாளா வெளிய போகாத பிள்ளைக்கு எங்க பசிக்கும்? நீங்க என்ன மெனு போட்டாலும் டாய்லெட் வழியில ஒரு பல்பு இல்லன்னா பிள்ளை சாப்பிடாது. அண்ணன்தான் தன்னோட எமர்ஜென்சி லைட்டைக் கொண்டுபோய் அங்க மாட்டினார்.

அண்டா சமையல்ல இருக்கிற ஆபத்து அவருக்கு அனுபவத்துலயே தெரிஞ்சிருந்துச்சு, ஆனா எல்லாரும் அவர் மாதிரி இல்ல. வீட்டுல நாலு பேருக்கு வடிக்கிற சோறு சீக்கிரம் ஆறிடும், 90 பேருக்கு வடிச்சது மூடியோட வச்சா நடுவுல மணிக்கணக்கா வெதுவெதுன்னே இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி செழிப்பா வளருது. சோத்துல வர்ற ஒரு பாக்டீரியா விடுற விஷம் திரும்ப சூடு பண்ணினாலும் அழியாது, அதான் "நல்லா கொதிக்க வச்சுட்டோமே, எப்படி வாந்தி வந்துச்சு"ன்னு முழிக்கிறாங்க. மிஞ்சினதை வச்சுக்கணும்னா அகலமான ட்ரேல மெலிசாப் பரப்பி, 60லேர்ந்து 21க்கு 2 மணி நேரத்துக்குள்ள, அங்கேர்ந்து 5க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ள கொண்டுவரணும், அவ்வளவு பெரிய ஃப்ரிட்ஜ் இல்லாத கேம்ப்ல மிஞ்சினதைக் கொட்டிடுறதுதான் நல்லது. குத்திப் பாக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு போதும், பெரிய விலை இல்ல. சமைக்கும்போது நடுவுல 70 டிகிரியாவது தொடணும்னு உலக சுகாதார நிறுவனமே 2001லேர்ந்து போஸ்டர் போட்டு சொல்லிக்கிட்டு இருக்கு.

குறையாவே எழுதிட்டுப் போறேன்னு நினைக்காதீங்க, அந்த கேம்ப்ல நான் பாத்த நல்ல விஷயமும் சாப்பாட்டுலதான் இருந்துச்சு. கடைசி நாள் பிள்ளைங்களே சமைக்கணும்னு அஞ்சஞ்சு பேரா பிரிச்சு விட்டாங்க. கேரட்டுன்னாலே மூஞ்சியைத் திருப்புற ஒரு பையன், கோணல்மாணலா, கட்டைவிரல் தண்டிக்கு வெட்டினான், பாதி வேகல, அதைக் கடக்கு கடக்குன்னு கடிச்சுத் தின்னுட்டு "நான் வெட்டினது"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா போய்க் காட்டுறான். என் பொண்ணு இருந்த குரூப்ல யாரும் சொல்லாமலே பட்டரைத் தூக்கி ஓரமா வச்சுட்டு எண்ணெய் ஊத்தினாங்க. இவளுக்கு என்ன ஆகாதுன்னு அந்த நாலு பிள்ளைங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. கேம்ப் நடத்துறவங்களுக்குத்தான் தெரியல.

எங்க பக்கத்து தப்பையும் சொல்லிடணும், பெத்தவங்க தப்பு. பிள்ளைக்கு கத்திரிக்காய் பிடிக்காதுன்னா "கத்திரிக்காய் அலர்ஜி"ன்னு ஃபார்ம்ல எழுதுறாங்க. அந்தப் பிள்ளையே அங்க போய் ஃப்ரெண்டு தட்டுலேர்ந்து எடுத்துத் தின்னும், அதைப் பாக்கிற சமையல்காரர் அடுத்த தடவை நிஜமா அலர்ஜின்னு எழுதினவங்களை நம்புவாரா? பிடிக்காதுன்னா பிடிக்காதுன்னு எழுதுங்க. ஆட்டிசம் இருக்கிற சில பிள்ளைங்க நாலஞ்சு பொருளைத் தவிர வேற எதையும் தொடாதுங்க, அது செல்லம் குடுத்து கெடுத்தது இல்ல, அதையும் மறைக்காம உள்ளபடி எழுதினா அந்த நாலஞ்சுல ரெண்டாவது அங்க கிடைக்கும்.

டீச்சருங்களுக்கு இருக்கிற வேலை எனக்குத் தெரியும், ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா வேணும்னு அழுற பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கிறதும் அவங்கதான். அவங்க தலையில இன்னும் ஏத்த சொல்லல. நான் கேக்கிறது ஒரு பேப்பர் பயணம் பண்ணணும், அவ்வளவுதான். ஃபார்ம் ஸ்கூல்ல வாங்கின அன்னைக்கே அதுல சாப்பாட்டுப் பகுதியை மட்டும் ஒரு காப்பி எடுத்து, சாமான் வாங்குறதுக்கு முன்னாடியே, சமையல் பண்றவர் கைக்குப் போகணும். கேம்ப்புக்கு முன்னாடி பெத்தவங்களைக் கூப்பிட்டு ஒரு மீட்டிங் போடுறாங்களே, அதுல கயிறு ஏத்துறவர் வர்றார், படகு விடுறவர் வர்றார், சமைக்கிறவரையும் ஒரு பத்து நிமிஷம் கூப்பிடுங்க. ஊசியும் ஜூஸும் பிள்ளை எங்க போகுதோ அங்க, கூடப் போற ஆளோட தோள்ல இருக்கணும்.

இந்த வருஷ ஃபார்ம் நேத்து சாயங்காலம் வந்துச்சு. மூணு பக்கம். ஷூ சைஸுக்கு ஒரு கட்டம், நீச்சல் தெரியுமான்னு நாலு கேள்வி, டி-ஷர்ட் என்ன கலர் வேணும்னு அஞ்சு ஆப்ஷன். "உணவு ஒவ்வாமை இருப்பின்" அப்படின்னு ஒரே ஒரு வரி, விரல் நீளத்துக்கு கோடு போட்டிருக்கு. "பால், பின்பக்கம் பார்க்கவும்"னு எழுதிட்டு பின்பக்கம் முழுசும் எழுதி, அதையே இன்னொரு காப்பி எடுத்து, கவர்ல போட்டு, மேல "சமையல் அண்ணனுக்கு"ன்னு எழுதி வச்சிருக்கேன். அவர் நம்பர் வேணும்னு ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா, விசாரிச்சு சொல்றோம்னாங்க. கேம்ப்புக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு.

இப்படிக்கு,
ஏழாம் கிளாஸ் படிக்கிற ஒரு பொண்ணோட அம்மா